மெட்ராஸ் மியூசியம் போகிறோம், கையில் இரண்டே நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

குடமுருட்டிக் கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. காலாண்டு விடுமுறையில் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். இதுவரை சென்னை என்றால் எங்களுக்குக் கல்யாணம், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி, இந்த இரண்டுக்குத்தான் போய்வந்திருக்கிறோம். இந்த முறை மியூசியம் பார்ப்பதற்கென்றே போகிறோம். மகள் எட்டாவது படிக்கிறாள். சோழர் பாடம் படித்ததிலிருந்து "அம்மா, நம்ம ஊர்ப் பக்கத்துச் சிலையெல்லாம் எழும்பூரில் இருக்காமே" என்று விடாமல் கேட்கிறாள். மகன் நாலாவது, அவனுக்குத் திமிங்கல எலும்புக்கூடு பார்க்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, ஆனால் சாமி என்றால் எவ்வளவு தூரமும் நடந்துவிடுவார்.

என் அப்பா இருந்தவரை மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும்தான் சொல்வார். சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போனது மங்கலாக நினைவிருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் பாம்பு, அப்புறம் ஒரு நீளமான நடை, அவ்வளவுதான். என் பிள்ளைகளுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமாக மிஞ்ச வேண்டும் என்று ஆசை. பட்டியல் போட்டு ஓடி ஓடிப் பார்ப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. இரண்டு நாளில் எதைப் பார்த்தால் மனசில் நிற்கும் என்று பார்த்தவர்கள் சொல்லுங்கள். வியாழக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போடலாமா என்று யோசிக்கிறேன்.

எழும்பூரில் ஒரு குடந்தைக்காரன் எழுதியது:

அக்கா, முதலில் டிக்கெட்டை நிறுத்துங்கள். வியாழன் ராத்திரி ஏறினால் வெள்ளிக்கிழமை காலை வந்து இறங்குவீர்கள், எழும்பூர் அரசு மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டை மியூசியத்துக்கும் அதே வெள்ளிதான். ஊரிலிருந்து வருகிறவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள். காலாண்டு விடுமுறை என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள், அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, அன்றைக்கும் திறக்க மாட்டார்கள். வெள்ளி ராத்திரி ஏறி, சனி ஞாயிறு இருந்துவிட்டுத் திரும்புங்கள்.

நான் பிறந்தது கும்பகோணம், 14 வருடமாக எழும்பூரில் வேலை. ரயில் நிலையத்திலிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போய்விடலாம், அம்மாவுக்கு வேண்டுமானால் ஆட்டோ. ரயில் விடியற்காலையில் இறக்கிவிட்டுவிடும், மியூசியம் திறக்க ஒன்பதரை ஆகும். அதுவரை குளித்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாகப் போங்கள். உள்ளே போனால் நடக்க வேண்டிய தூரம் அதிகம், ஒரே கட்டடம் இல்லை, வளாகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. 1851-ல் ஆரம்பித்தது, கொல்கத்தாவுக்கு அடுத்து நாட்டிலேயே பழைய மியூசியம் இதுதான். உங்கள் அப்பா சொன்ன உயிர் காலேஜும் 1855-ல் இந்த வளாகத்துக்குள்தான் பிறந்தது, அப்புறம்தான் பார்க் டவுன் பக்கம் போய், கடைசியில் வண்டலூர் போனது. செத்ததும் உயிருள்ளதும் முதலில் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன.

என் யோசனை இதுதான். சனிக்கிழமை முழுவதையும் எழும்பூருக்கே கொடுத்துவிடுங்கள். அதிலும் எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். காலையில் கால் வலி இல்லாத நேரத்தில் நேராகச் செப்புத் திருமேனி கேலரிக்குப் போய்விடுங்கள். பையனுக்குத் திமிங்கலத்தை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், காலையிலேயே காட்டிவிட்டால் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிடுவான். அமராவதிக் கற்களையும் விட வேண்டாம். ஆந்திராவில் கிருஷ்ணா கரையில் இருந்த பெரிய ஸ்தூபத்தின் பலகைகள், வால்டர் எலியட் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1845-ல் தோண்டி மெட்ராசுக்கு அனுப்பினார், அதில் ஒரு பங்கு லண்டனுக்குப் போய்விட்டது, மீதி இங்கே.

தஞ்சை மேலவீதி எழுதியது:

நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் முக்கால் மணி நேரம். அரண்மனைக் கலைக்கூடம் பார்த்திருக்கிறீர்களா? நம் ஆட்களில் பத்துக்கு ஏழு பேர் பெரிய கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள், அரண்மனைக்குள் காலே வைத்திருக்க மாட்டார்கள். எழும்பூர் போவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட்டுப் போனால் அங்கே பார்ப்பது நான்கு மடங்கு புரியும்.

ஏன் சொல்கிறேன் என்றால், திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த திருமேனிகள் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. அர்த்தநாரீசுவரர் எழும்பூரில். ரிஷபவாகன தேவர், கல்யாணக் கோலத்தில் நிற்கும் கல்யாணசுந்தரர், பிச்சை ஏற்கும் கோலத்தில் நிற்கும் பிட்சாடனர், எல்லாம் சிவன்தான், எல்லாம் தஞ்சாவூரில். ரிஷபவாகனர் ராஜராஜன் காலத்தவர், 1011-ல் செய்தது என்று கல்வெட்டிலிருந்தே தெரிகிறது, பக்கத்தில் நிற்கும் அம்மன் அதற்கு அடுத்த வருடம். அவர் முன்னால் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். சடையைப் பாம்பு சுற்றித் தலைப்பாகை மாதிரி கட்டியிருப்பார். ஒரு கால் நேராக, ஒரு கால் குறுக்கே போட்டு, சாவகாசமாகச் சாய்ந்து நிற்பார். ஒரு கை மட்டும் வளைந்து அந்தரத்தில் இருக்கும். எதன் மேல் சாய்ந்திருக்கிறார் என்று பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. நந்தியின் மேல் ஊன்றியிருந்த கை அது. நந்தி கிடைக்கவில்லை. ஆயிரம் வருடமாக அந்தக் கையில் நந்தியின் கனம் அப்படியே இருக்கிறது. நான் இருபது தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் கண் போய் நின்றுவிடும்.

அதே அரண்மனையில் திமிங்கல எலும்புக்கூடும் உண்டு, தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கியது. உங்கள் பையனிடம் சொல்லுங்கள், ஒரு திமிங்கலம் பக்கத்திலேயே இருக்கிறது. சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக் கூடமும் அங்கேயே. சரபோஜி மன்னர் சேர்த்த ஓவியங்களில் மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்த பிரெஞ்சுக்காரர் படங்கள் இருக்கும், பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

நாகை கடற்கரை எழுதியது:

எழும்பூர் போனால் எங்கள் ஊர்ப் புத்தர்களைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள் அக்கா. நாகப்பட்டினத்தில் வெளிப்பாளையம் பக்கம் 1856 முதல் தோண்டத் தோண்டக் கிடைத்தவை, மொத்தம் 350 அளவுக்கு இருக்கும், உலகம் முழுக்கச் சிதறிப் போய்விட்டன, எழும்பூரில் ஒரு நல்ல பங்கு இருக்கிறது. தலை உச்சியில் தீச்சுடர் மாதிரி ஒன்று எழுந்து நிற்கும், அதை வைத்தே நாகப்பட்டினத்துப் புத்தர் என்று அடையாளம் சொல்லிவிடலாம்.

ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். ஒரு சைவ அரசன், கடல் கடந்து வந்தவர்கள் கட்டிய பௌத்தப் பள்ளிக்கு, நம் டெல்டாவின் நெல் விளையும் ஊரைக் கொடுத்திருக்கிறான். அந்தச் செப்பேடு நெதர்லாந்துக்குப் போய் லெய்டன் செப்பேடு என்றே பெயர் வாங்கிவிட்டது. இங்கே 1867 வரை ஒரு பழைய செங்கல் கோபுரம் கடற்கரையில் நின்றது, மாலுமிகள் அதைப் பார்த்துத்தான் கரையை அடையாளம் கண்டார்கள், அதை இடித்துவிட்டார்கள். நான் பிறந்து வளர்ந்த ஊரில் அதன் சுவடு ஒன்றும் இல்லை. எனக்கு 31 வயதில் எழும்பூரில் ஒரு சாண் உயரப் புத்தர் முன்னால் நின்றபோதுதான் எங்கள் ஊர் இவ்வளவு பெரிய ஊராக இருந்திருக்கிறது என்பது உறைத்தது. அதனால்தான் சொல்கிறேன், சிறிய சிலைதானே என்று தாண்டிப் போகாதீர்கள்.

வேளாங்கண்ணி நடராஜரும் அங்கேதான் இருக்கிறார். வேளாங்கண்ணி என்றால் மாதா கோயில் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு அது ஒரு ஆச்சரியம்.

சுவாமிமலை பட்டறை எழுதியது:

வணக்கம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சிலை வார்க்கிறது. மியூசியத்தில் சிலையை எப்படிப் பார்ப்பது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் எல்லோரும் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

முதலில் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டி சுவரோடு ஒட்டி இல்லாத சிலைகளைத் தேடிப் பிடியுங்கள். தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், அதிலிருந்து தோளில் விழும் சுருள்முடி, முதுகுத் தண்டின் குழிவு, இதெல்லாம் கோயிலில் யாரும் பார்க்காத பக்கம், ஆனாலும் முன்பக்கத்துக்குக் கொடுத்த அதே உழைப்பைக் கொடுத்திருப்பார்கள். அப்புறம் பீடத்தைப் பாருங்கள். துளையும் வளையமும் இருக்கும். அது வீதியுலாவுக்குத் தண்டு செருகித் தூக்குவதற்கு. அதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், இது தெருவுக்கு வந்த சாமி, ஓரிடத்தில் உட்கார்ந்தே இருந்தவர் இல்லை என்று. சில சிலைகளில் மூக்கும் உதடும் மழுங்கியிருக்கும், அபிஷேகம் செய்து செய்து தேய்ந்தது. மண்ணுக்குள் கிடந்தவற்றில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

வேலை எப்படி என்றால், தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து முழு உருவத்தையும் மெழுகில் செய்வோம், விரல் நகம் வரை. அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவோம். இந்த வண்டல் மாவு மாதிரி இருக்கும், மெழுகில் இருக்கும் கோடு ஒன்றையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவோம். ஆறிய பின் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், அதனால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். எழும்பூரில் இருக்கும் ஒவ்வொரு சோழர் திருமேனியும் அப்படி ஒரே ஒருமுறை பிறந்தது. நடுவில் கூடு கிடையாது, கன வார்ப்பு, முழுக்க உலோகம்.

உங்கள் பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். தென்னை ஓலையில் ஒரு கீற்றைக் கிழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாங்கள் அதை ஒடியோலை என்போம், சிலையின் உயரத்துக்கு வெட்டி மடித்து மடித்து அளவு பிரிப்போம். முகத்தின் நீளம் ஒரு தாலம். உச்சியிலிருந்து பாதம் வரை எத்தனை முகம் என்பது ஒவ்வொரு மூர்த்தத்துக்கும் ஒரு கணக்கு. அவன் தூரத்தில் நின்று ஓலையைக் கண்ணுக்கு நேரே பிடித்து அளக்கலாம், கண்ணாடியைத் தொட வேண்டியதில்லை.

வெண்காட்டு மருமகள் எழுதியது:

எல்லோரும் நல்லபடியாக எழுதுகிறீர்கள், எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை, சொல்லிவிடுகிறேன். நான் வாழ்க்கைப்பட்டது திருவெண்காடு. முக்குளத்தில் முழுகி, அகோரமூர்த்திக்கு விளக்கு வைத்து வாழ்கிற ஊர். எங்கள் ஊர் மண்ணுக்குள் ஒளித்து வைத்த சாமி வெளியே வந்ததும் எங்கள் கோயிலுக்குத்தானே வந்திருக்க வேண்டும்? ஒளித்து வைத்தவர்கள் எதற்கு வைத்தார்கள், படையெடுப்பு அடங்கின பிறகு எடுத்து மறுபடி பூசை செய்யத்தானே. அவர்கள் திரும்பி வரவில்லை, நாம் எடுத்தோம், எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டோம். என் மாமியார் எழும்பூர் போய் வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நிவேதனம் இல்லாமல் நிற்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எழும்பூரில் ஒரு குடந்தைக்காரன் எழுதியது:

அக்கா, உங்கள் மாமியாரின் வருத்தத்தை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்தது புதையல், 1878-ல் போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது, அந்த வழியாகத்தான் பல திருமேனிகள் அரசிடம் வந்தன. ஆனால் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நடந்ததைப் பாருங்கள். எங்கள் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிவபுரம். அங்கே 1951-ல் மண்ணில் கிடைத்த நடராஜரைக் கோயிலில்தான் வைத்தார்கள். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் அதே மாதிரி ஒன்றைச் செய்து மாற்றிவிட்டு அசலை விற்றுவிட்டார்கள். அமெரிக்கா வரைக்கும் போய் 1986-ல்தான் திரும்பினார். கோயிலில் வருடக்கணக்கில் போலிக்குப் பூசை நடந்திருக்கிறது. திருவாரூர்ப் பக்கம் பத்தூர் நடராஜர் 1976-ல் மண்ணிலிருந்து வந்தவர், லண்டனில் வழக்கு நடந்து 1991-ல் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியா போய் 2014-ல் வந்தார். இத்தனையும் நம் டெல்டாவும் அதன் விளிம்பும். எழும்பூரிலும் தஞ்சாவூரிலும் இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள், அது எனக்குப் பெரிய நிம்மதி.

வெண்காட்டு மருமகள் எழுதியது:

திருட்டுக்குப் பயந்து சாமியை வீட்டை விட்டே அனுப்பிவிடுவதா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோயிலில் காவலும் கேமராவும் போட்டால் ஆகாதா? ஆனால் சிவபுரம் கதை எனக்கு இவ்வளவு விவரமாகத் தெரியாது. போலிக்குப் பூசை நடந்தது என்று படித்ததும் நெஞ்சு பதறிவிட்டது. குடமுருட்டி அக்கா, நீங்கள் போனால் எங்கள் அர்த்தநாரீசுவரரைப் பார்த்து நான் கேட்டதாகச் சொல்லுங்கள். நிஜமாகவே சொல்கிறேன்.

மன்னை வாத்தியார் எழுதியது:

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், பிள்ளைகளை மியூசியத்துக்குக் கூட்டிப்போன அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஒருமுறை 60 பிள்ளைகளை ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய மியூசியம் முழுவதையும் சுற்றிக் காட்டினேன். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டால், பாதிப் பேருக்கு ஐஸ்கிரீம் கடை மட்டும்தான் நினைவிருந்தது. அது என் தப்பு. அடுத்த வருடம் ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வரையச் சொன்னேன். அந்த வருடப் பிள்ளைகள் இன்றைக்கும் பார்த்தால் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒருவன் கல்யாணப் பத்திரிகையோடு வந்து "சார், நான் அங்குசம் வரைந்தேனே" என்றான்.

அங்குசம் என்றதும் சொல்ல வேண்டியது. எழும்பூரில் ஆயுதக் காட்சியில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. 1855-ல் கடைசி மராத்திய அரசர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கம்பெனி அரண்மனைச் சொத்தில் கை வைத்தது, ஆயுதசாலையில் இருந்தவை மெட்ராசுக்குப் போயின. கட்டாரி, வாள், யானை அங்குசம். ஒரு அங்குசத்தில் எவ்வளவு சிற்ப வேலை இருக்கும் என்று பார்த்தால்தான் நம்புவீர்கள், யாளியும் கொடியும் செதுக்கி, யானைக் காதுக்குப் பின்னால் போகிற ஒரு கருவிக்கு அத்தனை அழகு.

இரண்டாவது நாளுக்கு: கோட்டை மியூசியம் போகலாம், எழும்பூரில் மின்சார ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் பக்கம். 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடி அங்கே இருக்கிறது. பெரிய பெண்ணுக்கு அது போதும். இல்லாவிட்டால் முட்டுக்காடு தட்சிணசித்ரா, அது கண்ணாடிப் பெட்டி மியூசியம் இல்லை, தென்னாட்டு வீடுகளையே பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள், தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி வீடும் உண்டு. செவ்வாய் விடுமுறை. வில்லிவாக்கம் பக்கம் ரயில் மியூசியம் சின்னவனுக்குப் பிடிக்கும். மூன்றில் ஒன்று மட்டும். இரண்டுக்கு ஆசைப்படாதீர்கள்.

குடமுருட்டிக் கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளி ராத்திரிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். தஞ்சாவூர் அரண்மனைக்கு முன்கூட்டியே போக முடியவில்லை, கடையில் ஆள் இல்லை. வாத்தியார் ஐயா சொன்னபடி ஒன்றுதான், தட்சிணசித்ரா. பையன் கொல்லையில் தென்னை ஓலை கிழித்து இப்போதே மடிக்க ஆரம்பித்துவிட்டான், வீட்டில் இருக்கிற பிள்ளையார், குத்துவிளக்குப் பாவை, பாட்டி, எல்லோரையும் அளந்தாகிவிட்டது.

குடமுருட்டிக் கரை எழுதியது:

போய்வந்து ஒரு வாரம் ஆகிறது. விவரமாக எழுத வேண்டும் என்று இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

காலையில் திறந்ததும் உள்ளே போய்விட்டோம், கூட்டமே இல்லை. செப்புத் திருமேனி கேலரி வாசலில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். போட்டுக்கொள்ளலாம் அம்மா, இது கோயில் இல்லை என்றேன். "யார் சொன்னது" என்று கேட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். காவலுக்கு இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, செருப்பை ஓரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார், அம்மாவுக்கு ஒரு நாற்காலியும் இழுத்துப் போட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

நான் பயந்துகொண்டிருந்தேன், வெண்காட்டு மாமியார் மாதிரி அம்மாவும் வருத்தப்படுவாரோ என்று. அர்த்தநாரீசுவரர் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் இரண்டு கை, இடது பக்கம் ஒரே கை. ஆண் பாகத்தில் ஆடை தொடையோடு நின்றுவிடுகிறது, பெண் பாகத்தில் கணுக்கால் வரை இறங்குகிறது. பெண் பக்கத்து இடுப்பு வளைவு, ஆண் பக்கத்து நேரான விலா, இரண்டும் எந்த இடத்தில் சேருகின்றன என்று நான் விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்த்தேன், சேருகிற இடம் அகப்படவே இல்லை. அப்போது அம்மா சொன்னார்: "ஐம்பது வருஷமா உற்சவரைப் பார்க்கிறேன், முகத்தையும் பாதத்தையும் தவிர எதையும் பார்த்ததில்லை. நாமதான் பட்டும் பூவும் கவசமுமா மூடிடறோமே. உள்ளே இவ்வளவு இருந்திருக்கு." இதை எனக்கு எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை. கோயிலில் அம்மாவுக்குக் கிடைத்தது வேறு, இங்கே கிடைத்தது வேறு, இரண்டில் எதையும் அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வெண்காட்டு மருமகள், நீங்கள் கேட்டதாகச் சொல்லிவிட்டேன். வாய்விட்டே சொன்னேன்.

மகள் நாகப்பட்டினத்துப் புத்தர் ஒருவரை நோட்டில் வரைந்தாள். உச்சியில் இருக்கும் தீச்சுடரை மட்டும் நான்கு தடவை அழித்து அழித்துப் போட்டாள். மத்தியானம் அமராவதிக் கற்களைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தோம், அம்மாவுக்கு முடியவில்லை. ஆனால் கல்லா மெழுகா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு நெருக்கமான வேலை, அதற்கென்று தனியாக ஒருமுறை வர வேண்டும். அங்குசங்களைப் பார்த்தோம். திமிங்கலத்தையும் பார்த்தோம். பையன் அதை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பவும் சிலைகளிடம் போகலாம் என்றான், என் காதையே நான் நம்பவில்லை.

காரணம் ஓலை. அர்த்தநாரீசுவரர் முன்னால் தூரத்தில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்துகொண்டிருந்தவன், திடீரென்று "அம்மா, இந்தக் கை எங்கே வைச்சிருக்கார்" என்று கேட்டான். பார்த்தால் முன் வலது கை வளைந்து அந்தரத்தில் நிற்கிறது. எனக்குச் சுருக்கென்றது. மேலவீதி அண்ணன் தஞ்சாவூர் ரிஷபவாகனரைப் பற்றி எழுதியது அப்படியே இங்கே. இவரும் நந்தி மேல்தான் சாய்ந்திருந்திருக்கிறார், இங்கேயும் நந்தி இல்லை. அதைச் சொன்னதிலிருந்து அவன் கேட்கிற ஒரே கேள்வி, இரண்டு நந்தியும் எங்கே, இன்னும் வெண்காட்டு மண்ணுக்குள்ளேயே இருக்கின்றனவா என்பதுதான். ரயிலில் வரும்போது ஓலையை மடித்து மடித்து, கை இருந்த உயரத்தை வைத்து நந்தி எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டான். அது சரியான கணக்கா என்று சுவாமிமலைக்காரர்தான் சொல்ல வேண்டும், நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.

தட்சிணசித்ராவில் அந்தத் தஞ்சாவூர் வீட்டுத் திண்ணையில் அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டு, எங்கள் பழைய வீடு மாதிரியே இருக்கிறது, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டார், ஆனால் கிளம்பலாம் என்றபோது எழுந்திருக்க மனசில்லாமல் தூணைத் தடவிக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டை 2004-ல் இடித்துவிட்டுக் காங்கிரீட் போட்டோம்.

சுவாமிமலை பட்டறை எழுதியது:

தம்பியின் கணக்கைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. நோட்டோடு பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கை ஊன்றுகிற உயரத்திலிருந்து நந்தியின் திமில் உயரத்தைப் பிடிப்பது நல்ல யோசனை, நாங்களும் அப்படித்தான் தொடங்குவோம். மெழுகில் ஒரு நந்தி செய்து காட்டுகிறேன், அவனே கையால் பிடித்துப் பார்க்கட்டும்.

வெண்காட்டு மருமகள் எழுதியது:

அக்கா, மாமியாரிடம் படித்துக் காட்டினேன். வாய்விட்டுச் சொன்னீர்கள் என்ற இடத்தில் என்னை நிறுத்தி, திரும்பப் படி என்றார். கண்ணாடிக்குள் இருப்பது சரி என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் அம்மா செருப்பைக் கழற்றினதைக் கேட்டு இவருக்கு ஒரு ஆறுதல். தஞ்சாவூர் போகும்போது சொல்லுங்கள், இவரையும் கூட்டிக்கொண்டு நானும் வருகிறேன், கல்யாணசுந்தரரை இவர் பார்த்ததே இல்லை.

தஞ்சை மேலவீதி எழுதியது:

அடுத்த ஞாயிறு காலை பத்து மணி, அரண்மனை வாசலில் நிற்கிறேன். பாட்டிமார்கள் இருவருக்கும் படி ஏறாமல் பார்க்கக்கூடிய பக்கத்திலிருந்து தொடங்குவோம். கல்யாணசுந்தரரில் மணப்பெண் தலை குனிந்து நிற்கிற விதத்தை அவர்கள் பார்த்தால் போதும். தம்பி புது ஓலையாகக் கொண்டு வரட்டும், பழசு காய்ந்து ஒடிந்துவிடும்.